ஆமினா உம்மா கேட்ட கேள்வி

கல்முனை
11 பெப்ரவரி 2023

அன்புள்ள கோமளா அக்கா,

இந்த உறையில் ஒரு சத்தியக்கடதாசியும் குடும்பத்தின் சார்பில் நீங்கள் செயல்பட உங்கள் பேருக்கு எழுதிய அற்றோணித் தத்துவமும் இருக்கின்றன. அசல் தாள் இல்லாமல் மலேசியாவில் எந்தக் கதவும் திறக்காது என்று நீங்கள் சொன்னதால் கூரியரில் அனுப்புகிறேன். கூடவே இந்தக் கடிதம். குழுவில் எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது.

ஜனவரி இருபதாம் திகதி நமது வாட்ஸ்அப் குழுவில் முஸ்தாக்கைப் பற்றி எழுதினேன். பதினொரு பேரும் பார்த்தீர்கள். நான்கு இதயம், மூன்று கூப்பிய கை, ஓர் அழுகிற முகம் வந்தன. அடுத்த நாள் யாருக்கோ பிறந்தநாள். கேக் படங்களுக்கு அடியில் முஸ்தாக் போய்விட்டான். 2018இல் காத்மாண்டுவில் பத்து நாள் பயிற்சி முடிந்த இரவு, ஏழு நாட்டுச் சட்டத்தரணிகள் பன்னிரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு, ஒருவர் கூப்பிட்டால் மற்ற எல்லாரும் வருவோம் என்று உறுதி எடுத்தோம். அன்று என்னோடு அறையில் இருந்தவர் நீங்கள். அதனால்தான் உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

முஸ்தாக்குக்கு வயது இருபத்தாறு. ஒலுவில் துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போகிறவன். சென்ற வருடம் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் மாதக்கணக்காகக் கரையில் கிடந்தபோது, ஒரு முகவர் மலேசியாவில் தொழிற்சாலை வேலை என்று அனுப்பிவைத்தான். கையில் கொடுத்தது சுற்றுலா விசா. இறங்கியதும் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு மலைப்பக்கம் ஒரு காய்கறித் தோட்டத்தில் விட்டார்கள். டிசெம்பரில் அதிகாரிகள் தோட்டத்தை வளைத்தபோது முள்வேலி பாய்ந்து ஓடப் பார்த்திருக்கிறான். கால் கிழிந்து பிடிபட்டான். ஜனவரி பத்தாம் திகதி குடிவரவுத் தடுப்பு முகாமிலிருந்து ஒரேயொரு தடவை உம்மாவோடு கதைக்க விட்டார்கள். கால் வீங்கியிருக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றானாம். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அவனுடைய உம்மா ஆமினா உம்மா ஒலுவிலிலிருந்து பஸ் ஏறி இரண்டு நாளைக்கு ஒரு தடவை என் கந்தோருக்கு வருகிறார். வந்து கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, "அந்த மலேசியாப் புள்ள போய்ப் பாத்திச்சாமா மகள்?" என்று கேட்கிறார். அந்தப் பிள்ளை நீங்கள்தான். நான் என்ன சொல்ல?

ஈப்போவிலிருந்து அந்த முகாம் காரில் இரண்டு மணித்தியாலம் என்று வரைபடம் காட்டுகிறது. போய்ப் பாருங்கள் அக்கா. அது ஒன்றைத்தான் கேட்கிறேன். அவனுடைய படம் ஒன்றும் வைத்திருக்கிறேன், ஆளை அடையாளம் காண.

ஸுஹைறா


ஈப்போ
3 மார்ச் 2023

அன்பு ஸுஹைறா,

உன் உறை வந்து பத்து நாளாகிறது. உடனே எழுதாததற்கு மன்னித்துக்கொள்.

இரண்டு முறை முகாமுக்குப் போனேன். முதல் முறை, அப்படி ஒரு ஆளே இங்கு இல்லை என்றார்கள். படத்தைக் காட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி படத்தைப் பார்க்கக்கூட இல்லை. இரண்டாம் முறை போனபோதுதான் விஷயம் தெரிந்தது. முகவர் அவனுக்கு வேறு பெயரில் ஒரு பெர்மிட் அட்டை செய்து கொடுத்திருக்கிறான். முகாமில் அந்தப் பெயரில்தான் பதிந்திருக்கிறார்கள். உன் தாள்களில் இருக்கும் முஸ்தாக்கும் அவர்களுடைய தாளில் இருக்கும் ஆளும் ஒருவர்தான் என்று உங்கள் அரசாங்கம் எழுதித் தர வேண்டுமாம். அதுவரைக்கும் நான் யாருடைய வழக்கறிஞரும் இல்லையாம். காலையில் பசியாறாமல் கிளம்பிப் போய், மதியம் மூன்று மணிக்குத் திரும்பி வந்தேன்.

காலைப் பற்றிக் கேட்டேன். உடம்பு சரியில்லாதவர்களுக்கு மருத்துவ உதவியாளர் வருவார் என்றார்கள். எந்த நாளில் என்று கேட்டதற்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

இன்னொரு செய்தி. குழுவில் சிலரோடு பேசினேன். இந்த விஷயத்தை ஒரு தனி மனிதனின் பிரச்சினையாக மட்டும் பார்க்காமல் பெரிதாக எடுத்துச் செல்லலாம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஏப்ரல் முப்பதாம் தேதி இணையவழிக் கருத்தரங்கு ஒன்று வைக்கிறோம். தலைப்பு, எல்லை தாண்டிய நட்பும் மனித உரிமையும். நீ ஏழு நிமிடம் பேச வேண்டும். முடியுமா?

உங்கள் அரசாங்கத்தின் அந்தக் கடிதத்தை மட்டும் எப்படியாவது வாங்கி அனுப்பு.

அன்புடன்
கோமளவல்லி


கல்முனை
14 மார்ச் 2023

அக்கா,

ஏழு நிமிடத்தில் நான் என்ன பேச? ஒரு மனிதனைப் பார்க்க முடியவில்லை என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அந்த ஒரு தாளுக்காக அலைகிறேன். கிராம சேவகர் எழுதித் தந்தார். பிரதேச செயலகத்தில் ஒப்பம் வாங்க மூன்று நாள். அதை எடுத்துக்கொண்டு விடிய முன்னம் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனேன். அங்கே ஒரு கந்தோரில், இரண்டு பெயரும் ஒருவருடையதுதான் என்று மலேசியப் பக்கம் எழுதித் தந்தால் தாங்களும் எழுதித் தருவார்களாம். மலேசியப் பக்கமோ, இலங்கை எழுதினால்தான் தாங்கள் எழுதுவதாகச் சொல்கிறது. இரண்டு பக்கமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். நடுவில் அவனுடைய கால்.

உங்களை மட்டும் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை. ஆமினா உம்மா முதன்முதலாக என்னிடம் வந்தது ஜனவரி பதினொன்றாம் திகதி. நான் குழுவில் எழுதியது இருபதாம் திகதி. நடுவில் ஒன்பது நாள் ஒரு காணி வழக்கில் மூழ்கிக் கிடந்தேன்.

நீதிமன்றத்தில் என்னோடு இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். "உங்கட வெளிநாட்டுச் சிநேகிதங்கள் என்ன சொல்லுது?" என்று ஒருவர் இன்றைக்கும் கேட்டார். நட்பு பெரியது, நெருக்கமானது, ஒவ்வொரு பெருநாளுக்கும் தீபாவளிக்கும் தவறாமல் வாழ்த்து வருகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கருத்தரங்குக்கு நான் வர மாட்டேன். முகாமுக்குப் போங்கள். விடாவிட்டால் வாசலில் நில்லுங்கள்.

ஸுஹைறா


ஈப்போ
6 ஏப்ரல் 2023

ஸுஹைறா,

செய்தியைச் சொன்னதும் நீ போனை வைத்துவிட்டாய். மறுபடி எடுக்கவும் இல்லை. உன் கோபம் நியாயம். ஆனால் என்ன நடந்தது என்று அந்தத் தாயாரிடம் யாராவது சொல்ல வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

முஸ்தாக் மார்ச் இருபத்தேழாம் தேதி காலையில் அரசாங்க மருத்துவமனையில் இறந்தான். நோன்பு தொடங்கி ஐந்தாம் நாள். முதல் நாள் இரவுதான் முகாமிலிருந்து அங்கே கொண்டுபோயிருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. இருபத்தொன்பதாம் தேதி நான் நாலாவது முறையாக முகாம் வாசலில் நின்றபோது ஒரு காவலர் மெதுவாக வந்து, "நீங்கள் தேடுகிற ஆள் இங்கே இல்லை, சவக்கிடங்கில் கேளுங்கள்" என்றார்.

போனேன். அங்கேயும் வேறு பெயர்தான். நீ அனுப்பிய படத்தை வைத்து அடையாளம் காட்டினேன். இடது கால் முழங்கால் வரைக்கும் கறுத்திருந்தது. அதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

ஊருக்கு அனுப்ப எவ்வளவோ முயன்றேன். பெயர் குழப்பத்தில் அதுவும் நடக்கவில்லை. இங்குள்ள ஒரு பள்ளிவாசலைச் சேர்ந்தவர்கள், தமிழ் முஸ்லிம்கள், முறைப்படி குளிப்பாட்டித் தொழுகை நடத்தி அடக்கம் செய்தார்கள். நான் வேலிக்கு வெளியே நின்றிருந்தேன். நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள் என்று ஆமினா உம்மாவிடம் சொல். அவனை யாருக்கும் தெரியாது. தெரியாமலே வந்தார்கள்.

இறப்புச் சான்றிதழில் நுரையீரல் தொற்று என்று எழுதியிருக்கிறார்கள். காலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. காவலில் இறந்தவருக்கு மரண விசாரணை நடத்த வேண்டும் என்பது எங்கள் சட்டம். யாரும் கேட்காவிட்டால் நடக்காது. குடும்பத்தின் சம்மதத்தை எழுதி அனுப்பினால் நான் மனுப் போடுகிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

கோமளா


கல்முனை
18 ஜூன் 2023

திருமதி கோமளவல்லி அவர்களுக்கு,

இரண்டு மாதத்துக்கு மேலாக நான் எழுதவில்லை. நான் குழுவை விட்டு விலகியதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். காரணத்தைச் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் கருத்தரங்கு விளம்பரத்தில் முஸ்தாக்கின் படம் இருந்தது. முகாமில் ஆளை அடையாளம் காண்பதற்காக நான் அனுப்பிய படம். அவன் தங்கையின் கல்யாணத்தில் எடுத்தது. அதற்கு மேலே மெழுகுவர்த்தி ஒன்று வரைந்து, கீழே பேச்சாளர்களின் பெயர்களைப் போட்டிருந்தீர்கள். அந்தத் தங்கை றபீக்காவின் தொலைபேசிக்கு அது யார் யார் கையோ மாறி வந்து சேர்ந்தது. அவள் அதை உம்மாவிடம் காட்டியிருக்கிறாள். உம்மா என்னிடம் வந்து, "என்ட புள்ளைட படத்த யாருக்குக் குடுத்த நீங்க?" என்று கேட்டார். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை.

எத்தனை பேர் பார்த்தார்கள்? முன்னூறா? அந்த முன்னூறில் ஒருவர்கூட முகாம் வாசலுக்குப் போகவில்லையே.

மரண விசாரணை விஷயத்தை நான் ஆமினா உம்மாவிடம் சொன்னேன். ஏப்ரலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை. வழக்குப் போட்டால் நட்டஈடு கிடைக்குமா என்று மருமகன் கேட்டார். உம்மா அவரைக் கையால் மறித்தார்.

"எனக்கு ஒண்டும் வேணா மகள். என்ட புள்ள காய்ச்சலோட கிடந்தானே, தண்ணி கேட்டிருப்பான். ஆராச்சும் குடுத்தாங்களா எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

கேட்கிறீர்களா? சம்மதக் கடிதமும் புதிய சத்தியக்கடதாசியும் உள்ளே இருக்கின்றன. இது அவருக்காக அனுப்புவது. நமக்கிடையில் நட்பு இருக்கிறதா இல்லையா என்பதை நான் இன்னும் யோசிக்கவில்லை.

ஸுஹைறா முகைதீன்
சட்டத்தரணி


ஈப்போ
9 ஜூலை 2023

ஸுஹைறா,

படம் என் தவறு. விளம்பரம் செய்த பெண் என்னிடம் படம் கேட்டாள், நான் யோசிக்காமல் அனுப்பினேன். எல்லாப் பக்கங்களிலிருந்தும் எடுக்கச் சொல்லிவிட்டேன். ஆமினா உம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், படித்துக் காட்டு. அவர் மன்னிக்க வேண்டும் என்று அதில் கேட்கவில்லை.

மனுப் போட்டாயிற்று. இரண்டு முறை ஒத்திவைத்துவிட்டார்கள். முதல் முறை கோப்பு வரவில்லை. இரண்டாம் முறை கோப்பு வந்தது, அரசாங்க வழக்கறிஞர் வரவில்லை. எனக்குச் சொந்தமாக ஓர் அறையும் ஒரு மேசையும்தான். வீட்டுக்கடன் பத்திரம் எழுதித்தான் என் பிழைப்பு. அந்நியத் தொழிலாளிக்காக ஏன் அலைகிறீர்கள், நம் ஆட்களுக்கே வழக்கறிஞர் இல்லையே என்று என் சொந்தத் தம்பியே கேட்கிறான். நான் சோர்ந்துபோயிருக்கிறேன். இதையும் நீ தெரிந்துகொள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொன்னால் நீ மறுபடி மாதக்கணக்கில் எழுதாமல் போகலாம். பரவாயில்லை.

2021இல் நானும் குழுவில் ஒன்று கேட்டேன். நினைவிருக்கிறதா? இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் ஒருவர் இருக்கிறார். பக்கவாதம் வந்து பாதி நினைவு போய்விட்டது. கச்சிமுகம்மது என்று பெயர் சொல்கிறார். ஊர் பொத்துவில் என்கிறார். முப்பது வருடமாக இந்த நாட்டில் எந்தப் பதிவும் இல்லாத மனிதர். குடும்பத்தைக் கண்டுபிடித்து ஒரு பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தர முடியுமா என்று உன் பெயரைச் சொல்லியே கேட்டேன். நீ "இன்ஷா அல்லாஹ் பார்ப்போம் அக்கா" என்று எழுதினாய். ஓர் இதயமும் போட்டிருந்தாய்.

அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். தாள் இல்லாததால் மருத்துவமனை அவரைப் பதிய மறுக்கிறது.

கோமளா


கல்முனை
24 செப்டெம்பர் 2023

அக்கா,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன். ஒரு கிழமை திறக்கவில்லை. பழைய தொலைபேசியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது, இதயம் உட்பட. எப்போது அதைப் போட்டேன் என்பதுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

பொத்துவிலுக்கு மூன்று தடவை போய்வந்தேன். அக்கரைப்பற்றில் பஸ் மாறிப் போக வேண்டும். முதல் இரண்டு தடவையும் வெறுங்கை. அந்தப் பெயரில் அங்கே நாலைந்து பேர் இருந்திருக்கிறார்கள். மூன்றாம் தடவை, பள்ளிவாசலில் பழைய நிக்காஹ் பதிவு ஒன்றைப் பிடித்து, அவருடைய மகளைக் கண்டுபிடித்தேன். பெயர் சபூறா. அறுகம்குடாப் பக்கம் வெள்ளைக்காரர் தங்கும் விடுதி ஒன்றில் அறை துப்புரவாக்குகிறார். துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"உசிரோடயா இரிக்காரு?"

"ஓம்."

"எனக்கு மூணு வயசில போன மனுசன். உம்மா மௌத்தான நேரமும் வரல்ல. இப்ப ஏலாமப் போனதும் மகள் வேணுமாமா?"

அவர் உங்களைத் தேடச் சொல்லவில்லை, நாங்கள்தான் தேடினோம் என்றேன். நான் எதிர்பார்த்தது கண்ணீர். அதை வைத்து உங்களுக்கு நல்ல கடிதம் ஒன்று எழுதலாம் என்றுகூட பஸ்ஸில் நினைத்துக்கொண்டு போனேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சபூறா அழவில்லை. வேலை முடியும்வரை என்னை வாசலில் நிற்க வைத்தார். பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போய், உம்மாவின் பெட்டியிலிருந்து அவருடைய பிறப்புச் சான்றிதழை எடுத்துத் தந்தார்.

"இதக் குடுங்க. என்னக் கதைக்க மட்டும் சொல்லாதீங்க."

அசலை உள்ளே வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் பிந்தி.

விசாரணையில் ஆமினா உம்மா இங்கிருந்தே காணொளியில் சாட்சி சொல்லலாம் என்று உத்தரவு வந்ததாகப் போன கிழமை தொலைபேசிச் செய்தியில் எழுதியிருந்தீர்கள். என் கந்தோரில் ஏற்பாடு செய்கிறேன். மின்சாரம் போனால் என்ன செய்வது என்று ஒருவரிடம் மின்கலம் இரவல் கேட்டிருக்கிறேன். உம்மாவுக்கு நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன். "வேற என்னத்தச் சொல்லுற?" என்றார்.

முகாமில் அவனோடு இருந்தவர்கள் யாரையாவது தேடிப் பிடிக்க முடியாதா? உம்மாவின் அந்தத் தண்ணீர்க் கேள்விக்கு வேறு யாரால் பதில் சொல்ல முடியும்?

ஸுஹைறா


ஈப்போ
27 ஜனவரி 2024

அன்பு ஸுஹைறா,

ஐந்து முறை ஒத்திவைத்த பிறகு புதன்கிழமை விசாரணை நடந்தது. அறைக்குள் உம்மாவைத் தவிர யாரும் இருக்கக்கூடாது என்று சொல்லி உன்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். அதனால் உனக்குத் தெரியாததை எல்லாம் எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர் இந்த ஊர்ப் பெரியவர், நல்ல மனிதர். ஆனால் உங்கள் ஊர்த் தமிழை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. அரசாங்க வழக்கறிஞர் மலாயில் கேட்டார், மகனிடமிருந்து கடைசியாக எப்போது செய்தி வந்தது என்று.

"ஜனவரி பத்தாந் திகதி கதைச்சான்" என்றார் உம்மா. "கால் வீங்கியிரிக்கி எண்டு கதைச்சான்."

பெரியவர் அதை, "மகன் கால் வீங்கியதாகக் கதை சொன்னான்" என்று மலாயில் சொன்னார். அரசாங்க வழக்கறிஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உங்கள் மகன் வழக்கமாகக் கதை சொல்லுகிறவரா என்று கேட்டார்.

"ஓம். நல்லாக் கதைப்பான். எல்லாரோடயும் கதைப்பான்."

பெரியவர் குழம்பிப்போய், "அம்மா, நீங்க முஸ்லிம்தானே? ஏன் ஓம்னு சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டார். உம்மா திரையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நீதிபதி பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார். தன் மகன் கட்டுக்கதை சொல்கிறவன் என்று தாயே ஒப்புக்கொண்டதாக அது பதிவில் ஏறப் போகிறது.

நான் எழுந்தேன். ஓம் என்றால் அந்த ஊரில் ஆமாம், கதைத்தல் என்றால் பேசுதல், பொய் அதில் ஒரு துளியும் இல்லை என்றேன். நீங்கள் மொழிபெயர்ப்பாளரா என்று நீதிபதி கேட்டார். இல்லை, ஆனால் அந்த ஊர்ச் சட்டத்தரணி ஒருத்தியோடு பத்து நாள் ஒரே அறையில் இருந்திருக்கிறேன், முதல் இரண்டு நாள் எனக்கும் புரியவில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் எழுதியதை அடித்துவிட்டு, முதலிலிருந்து கேட்கச் சொன்னார்.

உம்மாவின் இணைப்பைத் துண்டித்த பிறகு, அடுத்தது நீ கேட்ட ஆள். போன வருடம் முழுக்க முகாம் வாசலில் நிற்கும்போதெல்லாம் விடுதலையாகி வருகிறவர்களிடம் முஸ்தாக்கைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒருவன், பக்கத்தில் படுத்திருந்தது ஷோஹேல் என்ற வங்காளதேசத்துப் பையன், குமில்லாப் பக்கம், போன மே மாதமே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றான். டாக்காவில் இருக்கும் நஸ்ரீனுக்கு எழுதினேன். நம் பன்னிரண்டு பேரில் அதிகம் பேசாதவள். பதிலுக்கு இதயமும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. இவளும் இப்படித்தான் என்று நினைத்தேன். பத்தொன்பதாம் நாள் ஒரே ஒரு வரி வந்தது: ஆள் கிடைத்துவிட்டான். ஒன்பது கிராமம் ஏறி இறங்கியிருக்கிறாள்.

நஸ்ரீனின் அறையிலிருந்து ஷோஹேல் சாட்சி சொன்னான். கடைசி நான்கு நாளும் முஸ்தாக்கால் எழுந்திருக்க முடியவில்லை. எல்லாருமாகக் கம்பியைத் தட்டிக் கூப்பிட்டோம், திங்கட்கிழமை உதவியாளர் வருவார், அதுவரை பொறுங்கள் என்று சொல்லிவிட்டார்கள் என்றான். அரசாங்கத் தரப்பு அப்படி யாரும் கூப்பிடவே இல்லை என்கிறது.

பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். இது விசாரணைக்குத் தேவையா என்றார் நீதிபதி. அவன் தாயாருக்குத் தேவை என்றேன். அனுமதித்தார்.

அந்தப் பகுதியில் குழாயில் இரண்டு நேரம்தான் தண்ணீர் வருமாம். ஷோஹேல் ஒரு போத்தலில் பிடித்து வைத்திருப்பானாம். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்கு முந்தின இரவு முஸ்தாக் மூன்று முறை தண்ணீர் கேட்டான், மூன்று முறையும் தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தேன், மூன்றாம் முறை கொஞ்சம்தான் குடித்தான் என்றான். நோன்பு நேரம், ஷோஹேலும் நோன்பாளி. விடியற்காலைக்கு வைத்திருந்த தண்ணீர் அது. அதை அவன் சொல்லவில்லை. பிறகு நஸ்ரீன் கேட்டு எழுதினாள்.

உம்மாவிடம் போய்ச் சொல். போனில் சொல்லாதே, நேரில் போ.

கோமளா


கல்முனை
5 மே 2024

அன்புள்ள அக்கா,

தீர்ப்பின் பிரதி வந்தது. நான்கு தடவை வாசித்தேன். காலில் ஏற்பட்ட தொற்று இரத்தத்தில் கலந்ததால் இறந்தான், உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்கலாம், கொண்டுபோகாதது தவறு. இவ்வளவும் சொல்லிவிட்டு, இன்னார் மீது குற்றம் என்று சொல்லப் போதிய சாட்சியம் இல்லை என்று முடித்துவிட்டார்கள். தவறு நடந்திருக்கிறது, செய்தவர் யாரும் இல்லை. முகவர் அக்கரைப்பற்றுச் சந்தியில் புதிய பலகை தொங்கவிட்டிருக்கிறான். அவனைப் பற்றி நான் போட்ட முறைப்பாடு எந்த மேசையில் கிடக்கிறதோ தெரியாது.

எனக்குக் கோபம் போகவில்லை, போகவும் வேண்டாம்.

தீர்ப்பைச் சொல்ல ஒலுவிலுக்குப் போனேன். தண்ணீர் விஷயத்தைப் பெப்ரவரியிலேயே நேரில் சொல்லிவிட்டேன், அதை உங்களுக்கு எழுதவில்லை. அன்றைக்கு உம்மா அந்தப் பையனின் உம்மாவின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டார். நஸ்ரீனிடம் கேட்டுச் சொன்னேன். இப்போது தொழுகைக்குப் பிறகு அந்தப் பெண்ணின் பெயரையும் சொல்லித் துஆ கேட்கிறாராம். றபீக்கா சொன்னாள்.

இந்தத் தடவை தீர்ப்பைக் கேட்டுவிட்டு, "அப்ப ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லையா?" என்றார். இல்லை என்றேன். பிறகு உள்ளே போய், இன்னொரு பெண்ணைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தார். பெயர் ஜெனூபா, அக்கரைப்பற்று. அவளுடைய கணவன் காலிதீனை அதே முகவர்தான் அனுப்பினான். மூன்று கிழமைக்கு முன் பிடிபட்டு, அதே முகாமில் இருக்கிறான். இவள் அழுதுகொண்டு யார் யாரிடமோ போக, எல்லாரும் ஆமினா உம்மாவைக் கேள் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

"இவட மாப்பிள்ளையப் பாக்கச் சொல்லுங்க மகள். இப்பவே சொல்லுங்க" என்றார் உம்மா.

அன்றைக்கே எழுதத் தொடங்கினேன். இந்த முறை ஒன்பது நாள் இல்லை. பெயர், பிறந்த திகதி, முகவர் கொடுத்த கள்ளப் பெயர், எல்லாவற்றுக்கும் உம்மாவே கேள்வி கேட்டார், நான் எழுதினேன். அடுத்த நாள் காலையில் சத்தியக்கடதாசி தயார்.

உறையைத் திறந்ததும் இதையும் யோசியுங்கள். பன்னிரண்டு பேரையும் மறுபடி கூட்ட எனக்கு விருப்பமில்லை. நீங்கள், நான், நஸ்ரீன் மூன்று பேர் போதும். ஒருவர் கேட்டால் மூன்று நாளுக்குள் அந்த இடத்துக்கு நேரில் போக வேண்டும். போக முடியாவிட்டால் முடியாது என்று அன்றைக்கே சொல்ல வேண்டும், கேட்டவர் வேறு ஆளைத் தேடிக்கொள்வார். வாழ்த்துகளைத் தனியாக அனுப்பிக்கொள்ளலாம். நஸ்ரீன் சரி என்றுவிட்டாள். நீங்கள்?

ஸுஹைறா


ஈப்போ
15 மே 2024

அன்பு ஸுஹைறா,

சரி.

உன் உறை திங்கட்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமை போனேன், விடவில்லை. இன்று மறுபடி போனேன். குடும்பத்தார் இல்லை என்றார்கள். அற்றோணித் தத்துவத்தைக் கொடுத்தேன். பெயர் ஒத்துப்போகவில்லை என்றார்கள். ஜெனூபாவின் சத்தியக்கடதாசியில் இரண்டு பெயரும் இருப்பதைக் காட்டினேன். மேலதிகாரி கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். நாலு மணி நேரம் வெயிலில் நின்றேன். கடைசியில் முஸ்தாக்கின் தீர்ப்பை எடுத்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோகாதது தவறு என்ற பக்கத்தை மடித்து, கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன். அந்த அதிகாரி நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். உள்ளே போய் யாருக்கோ போன் செய்தார்.

இருபது நிமிடம் கொடுத்தார்கள். காலிதீன் நடந்து வந்தார். கையில் சிரங்கு இருக்கிறது, வேறு நோய் இல்லை. மருந்து கேட்டு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் ஒப்பமும் வாங்கியிருக்கிறேன். பிரதி உள்ளே இருக்கிறது. ஜெனூபாவிடம் காட்டு.

அவருக்குப் பக்கத்தில் இன்னும் ஆறு பேர் படுத்திருக்கிறார்களாம், யாரையும் யாரும் தேடி வரவில்லையாம். ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தார், ஆறு பெயரும் ஊரும். இரண்டு பேர் நஸ்ரீன் பக்கம். ஒருவர் பொத்துவில்.

வெள்ளிக்கிழமை மறுபடி போகிறேன்.

கோமளா